நாற்பது குல்மோகரும் ஒரு நாவலும்

கடையம் அத்தான் சங்கரநாராயணன் அவர்களுக்கு,

குத்துக்கல்வலசையிலிருந்து மைத்துனன் சுடலைராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உமாராணியும் சுகம். பூங்கா சுகமில்லை. தங்கள் முழங்கால் வலி எப்படி என்று எழுதவும்.

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் காலனிப் பூங்காவில் வீட்டுக்கொரு மரம், மரத்துக்கொரு பெயர்ப்பலகை என்று முடிவானபோது, வனத்துறையில் முப்பது வருஷம் தேய்ந்த தாங்கள், "ஏலே, வேம்பு, புங்கை, மருதுன்னு கலந்து வைலே. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்றீர்கள். காட்டுக்கு அது சரி. காலனியில் செல்லச்சாமி அண்ணாச்சி மரம் பூத்து நயினார் மரம் பூக்காவிட்டால் கைகலப்பாகிவிடும். விலக்கிவிட நான் இன்னும் போலீஸ் சர்வீஸிலா இருக்கிறேன்? அதனால் செயலாளர் என்ற முறையில் நாற்பது வீட்டுக்கும் குல்மோகர், ஒரே உயரம், நாலு வரிசை, பரேடு மாதிரி நிறுத்தினேன். வேலியோரம் முன்பே நின்ற நாவல் மட்டும் வரிசையில் சேராததால், அதை வெட்டச் சொல்லி மூன்று தீர்மானம் போட்டேன். மரம் அறுக்கிற மாரிச்செல்வம் மூன்று முறையும் வரவில்லை.

போன வாரம் ஆடிக் காற்று வந்தது. குற்றாலத்துக்கு வந்து தாங்கள் ரசித்துவிட்டுப் போவீர்களே, அதே காற்றுதான். காலை ஏழு மணி, நான் நடைப்பயிற்சியில் இருக்கிறேன். முதல் மரம் சாய்ந்தது; மற்றவை யோசிக்கக்கூட இல்லை. அரை மணியில் நாற்பதும் கிழக்கே தலைவைத்துப் படுத்துவிட்டன. படுத்தபோதும் வரிசை கலையவில்லை, அதுவரைக்கும் எனக்குப் பெருமைதான். ஓடிப்போய் அந்த நாவலைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நயினார் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், அக்யூஸ்ட்டப் பிடிச்சிட்டியளா?" என்று கேட்டார்.

வெட்கமாக இருக்கிறது அத்தான். அந்த நாவல் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை உமாராணிதான் எழுதியிருப்பாள். இன்று மாலைக் கூட்டத்தில், நாவலை யாரும் தொடக் கூடாது, இனிக் கலந்துதான் நடவேண்டும் என்று பேசப்போகிறேன். தங்கள் மரப் பட்டியலை மறுபடி அனுப்பவும், முடிந்தால் சிரிக்காமல்.

அக்காவுக்கு என் அன்பு. பண்பொழி முருகன் வேர் ஆழமில்லாத எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
சுடலைராஜ்

பி.கு.: கூட்டம் முடிந்துவிட்டது. பட்டியல் வேண்டாம். காற்றுக்கு நிற்பது நாவல்தான் என்று தெரிந்துவிட்டதால் நாற்பது வீட்டுக்கும் நாவல், ஒரே உயரம். பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு மரம் எல்லார் மரத்துக்கும் மேலே நிற்பது சரியில்லை என்றார் செல்லச்சாமி அண்ணாச்சி. பழைய நாவலை வெள்ளிக்கிழமை அறுக்கிறார்கள். எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு என்னுடையது; செயலாளர் என்பதால் தீர்மானத்தில் கையெழுத்தும் என்னுடையது. மாரிச்செல்வம் நாலாவது முறையும் வராமலிருக்க, முருகனிடம் தாங்களும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்.