இடது முறுக்கு

ஒரு கை முறுக்கைப் பார்த்துக் கண் கலங்கிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் முறுக்கு மாமா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர். ஏதோ ஆராய்ச்சி செய்கிறார் என்றார் தரகர். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தாலும் நகராமல் தண்ணீரையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார், வரிசையில் நிற்பவர்கள் திட்டித் தீர்ப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வேறு கவலை. அக்காவுக்கு எல்லாமே இடக்கை. அது தெரிந்ததும், முன்பு வந்த வரன்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். "இன்னிக்கு ஒரு நாளு சோத்தாங்கையால குடு கண்ணு, பீச்சாங்கையத் தூக்கிறாத" என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்காவும் வலக்கையால் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

மாமா ஒரு முறுக்கை எடுத்தார். மாவைத் திரித்திருந்த விதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது இடப்பக்கமா முறுக்கியிருக்கே!"

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "தலகீழா வெச்சிகீறாங்க தம்பி" என்று தட்டிலிருந்த முறுக்கையெல்லாம் மளமளவென்று திருப்பிப் போட்டார்.

"எப்படித் திருப்பினாலும் இடது இடதுதாங்க. யார் சுத்தினது?"

"நாந்தான். பீச்சாங்கையால. இன்னா இப்போ?" என்றாள் அக்கா. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம உடம்புக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு இழை இருக்குங்க. இதே மாதிரி முறுக்கு, வழக்கமா வலப்பக்கம். அதைச் சுத்தித் தண்ணி ஒட்டிக்கிட்டு நிக்குது. உப்பு ஏறி அந்தத் தண்ணியோட பிடி மாறிச்சுன்னா, சில இழை அப்படியே இடப்பக்கமாத் திரும்பிடும். கண்ணுக்கே தெரியாத தண்ணி, உயிரோட உருவத்தையே மாத்துதுங்க!"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. அடேயப்பா, இந்தத் தண்ணீரிலா நாங்கள் இத்தனை நாள் துணி துவைத்தோம்?

பிறகு அக்காவைப் பார்த்தார். "சுத்தி இருக்கிறது மாறினா அந்த இழையே திரும்பிடுது. இவங்களைச் சுத்தி எல்லாரும் வலது வலதுன்னு சொல்லியும் இவங்க திரும்பலையே!"

அக்கா சிரித்துவிட்டாள். இன்னொரு முறுக்கை எடுத்து இடக்கையாலேயே நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாண முறுக்கு அத்தனையும் அக்காதான் சுற்றினாள். அப்பா ஒன்றைக்கூடத் திருப்பி வைக்கவில்லை.

மாமா இன்றும் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார், மூட மறந்து போய்விடுவார். ஊரையே திட்டும் வாய் எனக்கு. அவரிடம் மட்டும் அது திறக்காது. சத்தம் போடாமல் போய் நானே மூடிவிட்டு வருவேன்.