ஜெட் கட்சி மைத்துனருக்குக் கடைசிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் டைல்ஸ் கடையும் நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்டு வைக்கிறேன், பதில் வேண்டாம். போனிலேயே பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது. மாலையில் தங்கள் அக்கா அங்கே வரும்போது இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளை உட்கார வைத்துக் கதை பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிட வேண்டும்.

என் மகள் படாத பாடுபட்டு விமானம் ஓட்டப் படித்து முடித்தாள். ஒன்றுக்கு இரண்டு கம்பெனிகள் அவளை வேலைக்குக் கூப்பிட்டன. ஒன்று, முன்னால் காத்தாடி சுற்றும் சின்ன விமானங்களை ஓட்டுகிற கம்பெனி. தலைமை அலுவலகம் நம் ஊரிலேயே, விமான நிலையத்துக்கு எதிர்ச்சாரியில். இன்னொன்று ஜெட் கம்பெனி. தலைமை அலுவலகம் எங்கேயோ தொலைவில் ஒரு பெரிய ஊரில். காத்தாடியா, ஜெட்டா? இது அப்பனும் மகளும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம். இதில் உன்னை யார் கூப்பிட்டது? ("தாங்கள்" இத்தோடு முடிந்தது. கோபத்தில் மரியாதை அதிக தூரம் வராது.) பெட்டி நிறைய இனிப்பும் விளக்கு மினுக்கும் பொம்மை ஜெட் ஒன்றும் தூக்கிக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "என் மருமக காத்தாடி ஓட்டவா இத்தனை படிச்சா? அத்தான், உங்களுக்கு பஸ்ஸத் தவிர வேற என்ன தெரியும்?" என்று என் வீட்டு ஹாலில் நின்று கேட்டாயே, அந்தக் கேள்வியை நான் மறப்பேன் என்று நினைத்தாயா?

ஆமாம், எனக்குத் தெரிந்தது பஸ்தான். பஸ் டிப்போவில் டூட்டி போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். எந்த ஓட்டுநர் எந்த ரூட், யாருக்கு எப்போது லீவு, எல்லாம் நான் எழுதும் போர்டில்தான் இருக்கும். அதனால்தான் நீ பொம்மையைப் பார்த்து மயங்கியபோது, நான் இரண்டு கம்பெனியிலும் டிக்கெட் எடுத்து ஏறியே பார்த்தேன். காத்தாடி விமானத்தில் ஏறும்போது சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். பணிப்பெண் ஓடி வந்து, "சார், சீட்ல உக்காருங்க" என்றாள். "உக்கார்றேம்மா. டிரைவர் டயரைத் தட்டிப் பாத்தாரா?" என்றேன். "கேப்டன் எல்லாம் பாத்துட்டாரு சார்" என்றாள். சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது, சொன்ன நேரத்துக்கு இறங்கியது. இறங்கிய பிறகு வெகுநேரம் காதில் ஒரு ரீங்காரம் இருந்தது, அவ்வளவுதான். உன் ஜெட்டோ மணிக்கணக்கில் கிளம்பவே இல்லை. ஏனம்மா என்று கவுண்டரில் கேட்டால் "ஆபரேஷனல் ரீசன்" என்கிறாள். யாரிடம்? டிப்போவில் நாங்களும் அதைத்தான் சொல்லுவோம். அதற்கு ஓட்டுநர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

இதை வந்து சொன்னால் உன் அக்கா காதில் வாங்கினாளா? அவளுக்குத் தம்பி சொல்வதுதான் சட்டம். "என் தம்பி ஊர் உலகம் பாத்தவன்" என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் கடைசியாகச் சோறு போட்டாள், அதுவும் ஆறிப்போனதை. நீ அதோடு விட்டாயா? ஜெட் கம்பெனிக்கு நேராகப் போன் போட்டு, பைலட்டுக்கு மாமா பேசுகிறேன், என் மருமகளுக்கு ஜன்னலோர சீட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். பைலட் உட்காரும் இடத்தில் ஜன்னலைத் தவிர வேறென்னப்பா இருக்கிறது? அந்த அதிகாரி என் மகளைக் கூப்பிட்டு, "மேடம், வேலைக்கு வர்றது நீங்களா, உங்க மாமாவா?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை முகம் செத்துப்போய்விட்டது. அதன் பிறகு நாம் பேசும்போதெல்லாம் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புத்தகத்தை விரித்துவிடுகிறாள். எல்லாம் உன்னால்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. காத்தாடி போடுகிற சத்தத்தை எனக்குப் புரிய வைக்கிறேன் என்று ஸ்டாண்டு ஃபேனை இழுத்து வந்து என் காதருகே வைத்து முழு வேகத்தில் திருகினாய். "இப்ப சொல்லுங்கத்தான், இதுக்குள்ளயா அவ வாழ்நாள் பூரா உக்காரணும்?" என்று கத்தினாய். சத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேஜைமேல் இருந்த இரண்டு கம்பெனிக் கடிதங்களும் எழும்பிப் பறந்தன. ஜெட் கடிதம் நேராகப் போய், தரை துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தது. காத்தாடிக் கடிதம் ஹாலை ஒரு வட்டம் அடித்து என் மடியில் பதமாக இறங்கியது. உன் ஃபேனே உனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதே! நீ வாளிக்குள் கைவிட்டு அதைத் துழாவிய அந்த நிமிஷத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன்.

ஏன் அவசரம் என்று கேட்பாய். விமானக் கம்பெனியிலும் எல்லாம் சீனியாரிட்டிதானாம். என் மகளே சொன்னாள். யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் கேட்ட லீவு, அவர்கள் கேட்ட ஊர், அவர்கள்தான் முதலில் கேப்டன். அதைக் கேட்டதும் எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல் இருந்தது. டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு மலை ரூட்தான், ராத்திரி அங்கேயே தங்கல். பெற்றவர்கள் வந்து என் மேஜை முன்னால் அழுவார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. "சீனியாரிட்டிப்படிதான். உங்க பையனுக்காக போர்டை மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். சட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆகவே, ஒருநாள் தாமதித்தாலும் எவனாவது முந்திவிடுவான் என்று மறுநாள் காலையிலேயே மகளை எழுப்பி, அலுவலகம் திறக்கும் முன்னால் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் எங்களைத் தாண்டிக் கூட்டினார். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட வைத்தேன்.

ஆக, காத்தாடிக் கட்சி ஜெயித்தது. நீ மண்ணைக் கவ்வினாய். என் மகள் நம் ஊரில் இருந்தே பறப்பாள், பறந்து முடித்து நம் வீட்டுக்கே வருவாள். இனி நீயாக என் வீட்டுப் படி ஏறாதே. பொம்மை ஜெட்டை உன் அக்கா பையில் வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிக்கொண்டேன், அது என் டார்ச்சுக்கு. என் மகள் விஷயத்தில் இனி நீ வாயைத் திறந்தால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடு. கடிதத்தை உறையில் போடுவதற்குள் மகள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். எந்த ஊரிலிருந்து பறக்க வேண்டும் என்று காத்தாடிக் கம்பெனி சொல்லிவிட்டதாம். கடைக்கோடியில் ஏதோ ஒரு தீவு. அங்கேயே வீடு பார்த்துத் தங்க வேண்டுமாம். "தலைமை ஆபீஸ் இங்கதானே இருக்கு!" என்று அலறினேன். "அதனாலதாம்பா. எல்லாருக்கும் இந்த ஊர்தான் வேணும். சீனியருங்க கேட்டு வாங்கிட்டாங்க. புதுசா வர்றவங்களுக்குத் தீவுதான்" என்றாள். அப்போ ஜெட்? "அங்க நேர் எதிர்ப்பா. சீனியருங்க எல்லாம் பெரிய ஊரை எடுத்துக்கிட்டாங்க. யாரும் கேக்காத நம்ம ஊரைத்தான் புதுசா வர்றவங்க தலையில கட்டுவாங்க."

காத்தாடிக் கம்பெனியில் டூட்டி போடுகிறவனுக்குப் போன் போட்டு, பெற்ற மனசு ஐயா, கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சினேன். "சீனியாரிட்டிப்படிதான் சார். உங்க பொண்ணுக்காக போர்டை மாத்த முடியாது" என்றான். பிறகு பேசலாமா என்றால், டீ குடிக்கப் போகிறானாம். நெஞ்சில் ஈரம் இருக்கிறதா அவனுக்கு? இந்த மாதிரி ஆளை எல்லாம் அந்த நாற்காலியில் யார் உட்கார வைத்தது?

உன்னிடம் சொல்வதற்கென்ன. காத்தாடி சத்தம் எனக்கும் தாங்கவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து அவள் "அப்பா" என்று உள்ளே வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவளோ பெட்டி அடுக்குகிறாள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். "கடலை ஒட்டித் தாழப் பறக்கலாம்பா, எனக்கு முதல்லேர்ந்தே அதுதான் ஆசை. நீங்க ரெண்டு பேரும் என்னை எங்க கேட்டீங்க?" என்கிறாள்.

ஜெட் கம்பெனிக்குப் பதில் சொல்லத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. கடிதம் இன்னும் கொடியில் காய்கிறது, எழுத்து தெரிகிறது. இன்றைக்கே அக்காவோடு கிளம்பி வா. பொம்மையைக் கொண்டு வா, பேட்டரி தருகிறேன். செருப்போடே உள்ளே வந்து, ஹாலில் நின்று பழையபடி என்னோடு சண்டை போடு. இந்தத் தடவை நான் தோற்கிறேன்.