பச்சை மூக்கும் பர்ச்சேஸ் நாற்காலியும்

எர்ணாகுளத்தில் எந்த ஓட்டலில் பெண் தொழில்முனைவோர் கூட்டம் நடந்தாலும் என்னையும் மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். மட்டாஞ்சேரி ஏலக்காய்க் கம்பெனி ஒன்றின் முதல் பெண் பர்ச்சேஸ் ஹெட் என்று அறிமுகம் வேறு. 'இந்த இடத்துக்கு எப்படி வந்தீங்க மேடம்?' என்று கட்டாயம் ஒரு பெண் எழுந்து கேட்பாள். உழைப்பு, பொறுமை, குடும்பத்தின் ஆதரவு என்று நானும் வரிசையாக அடுக்கிவிட்டு வருவேன். அத்தனையும் புளுகு. உண்மையைச் சொல்வதென்றால், மூக்கு ஒழுக ஒழுகத்தான் வந்தேன்.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது ஏற்றுமதிப் பேப்பர்கள் தயாரிக்க. வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர் கப்பல் ஏறும்வரை ஒவ்வொரு காகிதமும் என் கையால்தான் போகும். பதினாறு வருடம் இப்படிப் போனது. அதற்குள் பர்ச்சேஸ் ஹெட் நாற்காலியில் மூன்று ஆண்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். மூவருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது யார்? (வேறு யார், இந்தப் பரீதாதான்.) மூன்றாமவர் ஓய்வு பெற்ற மறுநாள் நான் நேராக முதலாளி முன்னால் போய் நின்றேன்.

முதலாளி எங்களைப் போலவே ராவுத்தர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாக வரும்.

"மொதலாளி, அந்த நாற்காலி எனக்கு வேணும்."

"எந்தா பரீதா, தமாஷா? பேப்பர் வேலையில ஒன்ன அடிக்க ஆளில்ல. ஆனா சரக்கு பாக்குறது வேற சங்கதி. அதுக்கு மூக்கு வேணும் மோளே."

"எனக்கும் ஒண்ணு இருக்கே மொதலாளி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஆங்காரம் ஏறியது. எங்கள் கம்பெனியில் கீழே கிடங்கில் ஏலக்காயைப் பொறுக்கித் தரம் பிரிப்பது முழுக்கப் பெண்கள். மாடியில் சாம்பிள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதே ஏலக்காயை முகர்ந்து தலையாட்டுவது முழுக்க ஆண்கள். அந்த மேசையில் ஒரு பெண் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. நான் ஒரு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய் அந்தச் சேச்சிகளோடு உட்கார்ந்து, எது புதுசு, எது பழசு, எது பிஞ்சு என்று கையாலும் பல்லாலும் படித்திருந்தேன். இது முதலாளிக்குத் தெரியாது.

"ஒரே ஒரு தடவ மேசையில உக்கார வைங்க. தோத்துட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றேன். (என்ன திமிர் பாருங்கள்!)

முதலாளி யோசித்தார். வருகிற வியாழக்கிழமை துபாயிலிருந்து மூசாக்கா வருகிறார். எங்களிடம் அதிகமாக ஏலக்காய் வாங்குபவர் அவர்தான். மூன்று தட்டில் சாம்பிள் வைக்கப்படும். நானும் பார்க்கலாம், ஷமீரும் பார்ப்பான். ஷமீர் முதலாளியின் தங்கை மகன், பெங்களூரில் எம்.பி.ஏ. படித்தவன். நாற்காலி அவனுக்குத்தான் என்று ஆபீஸ் சுவரெல்லாம் பேசிக்கொண்டிருந்தது.

சாம்பிள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே வருகிறவர்கள் அத்தர், பவுடர் பூசக்கூடாது, தலையில் பூ வைக்கக்கூடாது. ஏலக்காயின் மணத்தோடு வேறு எந்த மணமும் கலக்கக்கூடாது. மூசாக்காவே அன்றைக்கு மட்டும் அத்தர் பூசாமல் வருவார்.

புதன்கிழமை மழையில் நனைந்தேன். வியாழக்கிழமை விடிந்தால் மூக்கு சுத்தமாக அடைத்துக் கிடக்கிறது. சாயாவைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே வைத்தாலும் வெந்நீரா சாயாவா என்று தெரியவில்லை. ஐயோ, மூக்கு வேணும் மோளே என்றாரே, அந்த மூக்கே போச்சே என்று நான் அழாத குறைதான்.

"மச்சான், செத்தேன்! எதையாவது செய்ங்க!"

என் கணவர் நாசர் எதற்கும் பதறாத ஆள். அவருடைய தங்கச்சி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பச்சைத் தைலத்தை எடுத்து நீட்டினார். "ரெண்டு சொட்டு போதும் பரீதா."

இரண்டு சொட்டு மூக்கில் தேய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாலு சொட்டு, நெற்றியில். ஒன்றுமில்லை. பிறகு கழுத்து, நெஞ்சு, உள்ளங்கை, கைக்குட்டை என்று அரை பாட்டில் காலி. சட்டம் நினைவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் எனக்குத்தான் வாசனையே வரவில்லையே! எனக்கு வராத வாசனை ஊருக்கு வரும் என்று அந்த மண்டையில் உறைக்கவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "இத்தா, ஆஸ்பத்திரிலேக்காணோ?" என்று பரிவோடு கேட்டார். அப்போதும் உறைக்கவில்லை.

எல்லோருக்கும் முன்பே ஆபீஸுக்குப் போய் மேசையில் தட்டுகளை நானே அடுக்கினேன். முதல் தட்டும் இரண்டாம் தட்டும் சரியாக இருந்தன. மூன்றாவது மட்டும் என்னவோ செய்தது. இந்த மழையில் வந்த சரக்கு இவ்வளவு பச்சையாகவா இருக்கும்? கையில் அள்ளுவதும் கொட்டுவதும் பிசைவதுமாக அதையே பத்து நிமிடம் புரட்டினேன். அதற்குள் முதலாளி, ஷமீர், மூசாக்கா மூவரும் வந்துவிட்டார்கள். நான் மேசைக் கடைசியில் திறந்த ஜன்னலோரம் இருந்த முக்காலியில் போய் அடக்கமாக உட்கார்ந்தேன்.

மூசாக்கா முதல் தட்டை முகர்ந்தார், தலையாட்டினார். இரண்டாவதை முகர்ந்தார், தலையாட்டினார். மூன்றாவதில் ஒரு பிடி எடுத்து மூக்கருகில் கொண்டுபோனவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"ராவுத்தரே! எந்தொரு மணம்! இதாணு ஏலக்கா! இது முழுவன் எனிக்கு வேணும்!"

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "மூணாவது ஷமீர் எடுத்த சரக்காக்கும்." ஷமீர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பரீதா, நீ என்ன சொல்றே?" என்றார் முதலாளி, பேருக்கு.

நான் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்து இழுத்தேன். மணமாவது ஒன்றாவது! இழுத்த வேகத்தில் தும்மல்தான் வந்தது, ஒன்றல்ல, ஏழு. ஏலக்காய் இருந்த ஈரக் கையாலேயே மூக்கைத் துடைத்து, கைக்குட்டையாலும் ஒரு தடவை துடைத்தேன். நிமிர்ந்தால் மூசாக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணு எரியுன்னல்லோ" என்றார்.

ஏலக்காய்க்கு எங்கேயாவது கண் எரியுமா? அப்போதுதான், காலையிலிருந்து ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாபாரம் முடிந்துவிடும், என் மானமும் தப்பும். ஆனால் துபாயில் மூட்டையைப் பிரித்தால் தைலமா மணக்கும்? அந்தக் கண்டெய்னருக்கான பேப்பரில் என் கையெழுத்தல்லவா இருக்கும்.

"மூசாக்கா, அது ஏலக்கா மணமில்ல. என்னோட சளித் தைலம்."

முதலில் சிரித்தது ஷமீர். முதலாளி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அது போதாதென்று மூசாக்கா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"பரீதா, நிங்ஙளுடெ மூக்கு எந்தா பச்ச?"

போனைத் திருப்பி அதில் முகத்தைப் பார்த்தேன். நுனியிலிருந்து நடு மூக்குவரை கிளிப்பச்சை! பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"தைலத்தோட கலர்" என்றான் ஷமீர், சிரிப்பை அடக்கமுடியாமல்.

தைலமும் பச்சைதான். ஆனால் காலையில் அதே தைலத்தைக் குடித்த கைக்குட்டை, ஆபீஸ் வந்து சேரும்வரை வெள்ளையாகத்தானே இருந்தது? இப்போது நான் துடைத்த மூலை மட்டும் பச்சை. அவமானமெல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது. முதலாளிக்கு வைத்திருந்த தண்ணீர் கிளாஸை எடுத்தேன். மூன்றாம் தட்டிலிருந்து ஒரு பிடி அதில் போட்டு ஆட்டினேன். தண்ணீர் பச்சையாகிவிட்டது. மூசாக்காவின் கிளாஸில் முதல் தட்டு ஏலக்காயைப் போட்டேன். தண்ணீர் அப்படியே இருந்தது. மூன்றாம் தட்டுக் காய் ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கவேண்டும். இது காய்ந்து பழுப்பாக இருந்தது.

"போன வருசத்துச் சரக்கு மொதலாளி. வெளுத்துப்போனதுக்குச் சாயம் ஏத்தி நம்ம தலையில கட்டியிருக்கான் புரோக்கர்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மூசாக்கா மெதுவாக மூன்றாம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முதல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கிளம்பிப் போனதும் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"பரீதா, நீ நேர்மையான பொண்ணு. ஒன்ன அக்கவுண்ட்ஸுக்கு மாத்தினா நல்லாருக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! "எனக்கு நேர்மைக்குச் சர்டிபிகேட் வேணாம் மொதலாளி. நாற்காலி வேணும். மூக்கே இல்லாம சரக்கப் பாத்துச் சொல்லியிருக்கேன்."

"சரி சரி, யோசிச்சுச் சொல்றேன், போ."

"யோசிங்க. நான் இங்கயே இருக்கேன்."

முக்காலியிலிருந்து எழுந்து, காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பச்சை மூக்கோடுதான். முதலாளி போன் பேசினார், பேப்பர் படித்தார், மதியம் லுகர் தொழுதுவிட்டு வந்தார். நான் எழவில்லை. சாப்பாட்டு நேரம் போனது. இடையிடையே தும்மினேன், அவ்வளவுதான். சாயாக்காரர் வந்து, "இந்தப் பெரிய நாற்காலிக்கும் ஒரு சாயாவா மொதலாளி?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார்.

"குடு. இனிமே தினமும் குடு" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் என் மானம் கப்பலேறிவிட்டது. துணிக்கடையில் நான் விலை பேசி நகராமல் நின்றாலும், சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாயத்தில் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்தாலும், நாசர் எல்லோர் முன்னாலும், "மூக்கு பச்சையாயிடுச்சு, இனி இவ எந்திரிக்க மாட்டா" என்பார். ஒன்பதாவது படிக்கும் மகள் நிஹாலா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன மாதம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாணவர் தலைவர் பையன், துணைத் தலைவர் பெண் என்பது அங்கே வழக்கமாம். இவள் தலைவர் பதவிக்குத்தான் நிற்பேன் என்றிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று பிரின்சிபல் மேடம் சொன்னதற்கு, "யோசிங்க மிஸ், நான் இங்கயே இருக்கேன்" என்று அவர் அறையில் உட்கார்ந்துவிட்டாளாம். உடனே வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

நாசர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மிஸ்ஸே, அவ மூக்கு என்ன கலர்ல இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

வழியில் அவளுக்கு நாலு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜிதான்) வாங்கிக்கொண்டு போனோம். பிரின்சிபல் எங்களைப் பார்த்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டார். நான் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.