கோழி ஓட்டத்துக்குப் பின்லாந்து ஒத்துவராத விவரம்

வால்தேதொர்மோ,
ஆகஸ்ட் 5

அன்பும் அபாரமான மூச்சும் உடைய மருமகள் இஸார்பேவுக்கு, தாய்மாமன் பிளாஸ் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, நான், ஆடுகள் எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் இடது குதிகாலும் நலமாயிருக்கப் புனித ரோக் அருள்வாராக.

நம் ஊர்த் திருவிழாக் கமிட்டி நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் கூடி, இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை விவாதித்து, இரண்டு ராஜினாமாக்களைப் பெற்று இரண்டையும் திருப்பிக் கொடுத்து, வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது: இவ்வாண்டுக் கோழி ஓட்டத்தில் நீ எல்லோருக்கும் கடைசியாகப் புறப்பட வேண்டும். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு நான்கு. செயலாளர் என்ற முறையில் தெரிவிக்கிறேன்.

காரணம் உனக்கே தெரியும். களத்துமேட்டைச் சுற்றி ஆறு சுற்று, முதலில் வரும் மூன்று பேருக்கு ஆளுக்கொரு உயிர்க்கோழி என்று முந்நூறு வருடமாக நடக்கிற ஓட்டம். பதினைந்து வயதில் நீ ஜெயித்தபோது ஊரே கைதட்டியது. பதினாறில் பாதி ஊர் தட்டியது. பிறகு நீ மாகாணத்தில் ஜெயித்து, சரகோசாவில் ஜெயித்து, மாட்ரிட்டில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை நாலு நிமிடம் மூன்று வினாடியில் ஓடி, இருபது வயதில் ஸ்பெயின் சட்டையும் போட்டுக்கொண்டாய். நீ ஒவ்வொரு படியாக ஏற ஏற, இங்கே ஓட வருகிறவர் எண்ணிக்கை ஒவ்வொரு படியாக இறங்கியது. போன வருடம் உன்னோடு சேர்த்து மூன்றே பேர். அதில் ஒருவர் வழி கேட்க நின்ற பிரெஞ்சுக்காரர். மாலை ஏழு மணி அடிக்கும்போது புறப்படும் கோட்டில் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் 'ஓட்டம் நடைபெறவில்லை' என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. போர்க்காலத்தில்கூட அந்த வாக்கியத்தை யாரும் எழுதியதில்லை.

ஆகவே உன்னை மட்டும் நிறுத்திவைத்து, மற்றவர்களுக்குச் சலுகையாகச் சில சுற்றுகளைக் கழித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. யாருக்கு எத்தனை என்பதில்தான் ராஜினாமாக்கள் நேர்ந்தன. கசாப்புக்கடை எவரிஸ்தோ தன் முழங்காலுக்கு மூன்று சுற்று கேட்டார். நம் பாதிரியார் தன் அங்கிக்கு அரைச் சுற்று கேட்டார்.

"அங்கிய கழட்டிட்டு ஓடுங்க சாமி," என்றார் எவரிஸ்தோ.

"கழட்டலாம்பா. அப்புறம் பாவமன்னிப்புக்கு எவன் வருவான்?"

எழுபத்தெட்டு வயது கிரெகோரியாவுக்கு ஐந்தரைச் சுற்று கழிவு. மருந்துக்கடைக்காரர் தனக்கு ஆறு சுற்றும் வேண்டும் என்றார். அப்படியானால் ஓடவே வேண்டாமே என்று சுட்டிக்காட்டப்பட்டு, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிராகரிக்கப்பட்டது. விளைவு, நூற்று நாற்பது பேர் உள்ள ஊரில் அறுபத்தொரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தான் உன்னை ஜெயிக்கப்போவதாக நம்பி விடியற்காலையில் ஓடிப் பழகுகிறார்கள். நீ வராவிட்டால் கழிவு கிடையாது. கழிவு இல்லாவிட்டால் ஒருத்தனும் கோட்டுக்கு வரமாட்டான். ஓட்டம் உன் ஒருத்தி கையில் இருக்கும்மா.

ஓட்டத்தன்று, நம் ஊர் நேரப்படி அதே ஏழு மணிக்குப் பின்லாந்தில் உனக்கு ஐரோப்பிய இறுதிப் போட்டி என்பதைக் கமிட்டி அறியாமல் இல்லை. ஆனால் புனித ரோக் தன் திருநாளாக ஆகஸ்ட் 16-ஐ எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார். பின்லாந்துக்காரர்கள் போன மார்ச்சில்தான் தேதி குறித்தார்கள். யார் தள்ளிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது வெளிப்படை. பணிவாக ஒரு கடிதம் போட்டோம். நன்றி சொல்லி, நுழைவுச்சீட்டு வாங்கும் விவரம் அனுப்பியிருக்கிறார்கள். நீயே உன் பயிற்சியாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, ஒரு நடை வந்துட்டுப் போயேன். சாயங்காலம் ஓடிட்டு மறுநாள் போயிடலாமே.

இன்னொன்று. இது கமிட்டி விஷயம் அல்ல, என் சொந்த ஆவல். மாட்ரிட்டில் முதல் இரண்டு சுற்றும் நீ ஏன் கடைசியாகவே ஓடினாய்? இங்கே சின்ன வயதில் முதல் அடியிலிருந்தே முன்னால்தானே போவாய்? காற்றுக்கு மறைவாக என்கிறார் மருந்துக்கடைக்காரர். தாழ்மை என்கிறார் பாதிரியார். "பின்னாடி நின்னாத்தான் எது களைச்சிருக்குன்னு தெரியும் பிளாஸு, சந்தையில ஆடு பாக்குற மாதிரி," என்கிறார் எவரிஸ்தோ. நானே சோதித்துப் பார்க்க நம் ஆடுகளுக்குப் பின்னால் இரண்டு சுற்று ஓடினேன். புழுதியைத் தவிர எதுவும் தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் கிடா திரும்பிக்கொண்டது. அப்படிக் கடைசியில் ஓடும்போது நீ என்னதான் பார்க்கிறாய்? மறக்காமல் எழுது.

உன் கால்கள் தரையில் பட்டும் படாமலும் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமன் பிளாஸ்

பி.கு., ஆகஸ்ட் 17: கமிட்டித் தலைவி ஒபிதுலியாவின் கையெழுத்து இல்லாமல் இதை அனுப்பக்கூடாது என்பதால் கடிதம் இங்கேயே கிடந்தது, அறுவடையிலிருந்து அவள் நேற்று மாலைதான் மதுக்கடைக்கு வந்தாள். நீ வராவிட்டாலும் கழிவு உண்டு என்று அங்கேயே கையெழுத்துப் போட்டாள். அறுபத்தொரு பேரும் சட்டையில் எண் குத்திக்கொண்டு அங்கேதான் இருந்தார்கள், நடுவர் உட்பட. ஆறே முக்காலுக்குத் தொலைக்காட்சியில் உன் முகம் தெரிந்தது. "ஓட்டம் நாலு நிமிஷந்தானே, பாத்துட்டே போயிரலாம்," என்றார் எவரிஸ்தோ. இரண்டு சுற்று நீ கடைசியில் ஓடினாய். கடைசி வளைவில் ஒன்பது பேரைத் தாண்டி மூன்றாவதாக வந்தாய். உன் அம்மா அழுதாள். எனவே மேலே எழுதியது எதற்கும் நீ பதில் போட வேண்டியதில்லை, ஆவல் பற்றிய பத்தியைத் தவிர. ஏழு மணி அடித்தபோது களத்துமேட்டுக் கோட்டில் ஒருவரும் இல்லை. பதிவேட்டில் விதிப்படி எழுதியாயிற்று.