மாலுமி அழித்த மலை

வங்காள விரிகுடாவை மாலுமி அளவுக்குத் தெரிந்தவர் மனிதரிலும் இல்லை, மீன்களிலும் இல்லை. இத்தனைக்கும் மனுஷர் கடலைப் பார்த்ததே கிடையாது; மாலுமி என்பது ஆபீசில் நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் ஆபீசுக்கு வரும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினாலே "ரங்கா, ரங்கா" என்று கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஆற்றில் வெறும் மணல் கிடக்கும் கோடையிலும் அதே கூத்துதான்.

பழைய ஆய்வுக் கப்பல்களின் பதிவுகளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. எந்த நேரத்தில் கப்பல் எங்கே இருந்தது, அங்கே கடல் எவ்வளவு ஆழம் என்று வரிசையாக எண்கள் வரும். காகிதத்திலிருந்து கணினியில் ஏற்றியவர்கள் செய்த தப்புகளை நாங்கள் பிடிக்க வேண்டும்.

மாலுமி திரையில் விரலை வைத்துக் கப்பலோடு கூடவே போவார். சாப்பிடக் கூப்பிட்டால், "அந்தமானைத் தாண்டிட்டு வரேன், நீங்க ஆரம்பிங்க" என்பார்.

ஒரு நாள் அலறினார். "சார், ஓடி வாங்க! கப்பல் பச்சைமலை மேல ஏறிடுச்சு! பஸ்ஸே ஒழுங்காப் போகாத ஊரு சார் அது!"

ஏதோ ஓர் எண் மாறியிருந்தது. "அந்த வரிய அழிச்சிடுங்க சார்" என்றேன்.

வந்ததே கோபம்! "அழிக்கிறதா? அதுல இருக்கிற ஆளுங்க என்ன ஆவாங்க? பத்திரமா இறக்கிக் கூட்டிட்டு வர வேணாமா?" இரண்டு நாள் முன்பின் வரிகளைப் புரட்டி, கப்பலைக் கடலில் இறக்கிவிட்டுத்தான் நிம்மதியாக டீ குடித்தார். அழிக்கிற பட்டனை அவர் தொட்டதே இல்லை.

தொட்டது நான். அந்த மாதம் முடிந்தால் எனக்கு வேலை நிரந்தரம். மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு நடுவே திடீரென்று எண்ணூறு என்று நாலு வரி. தப்பென்று நினைத்து அழித்து, ஃபைலையும் அனுப்பிவிட்டேன். மறுநாள் மாலுமி இன்னொரு கப்பலின் பதிவோடு வந்து நின்றார். அதே இடம், அதே எண்ணூறு.

"ஏங்க, அங்க கடலுக்கடியில ஒரு மலை இருக்குங்க. முழுசா முழுங்கிட்டீங்களே!"

வேலை போச்சு என்று நினைத்தபடி மேனேஜர் அறைக்குள் போனேன். கூடவே வந்த மாலுமி முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் அழிச்சேன். கை தவறிடுச்சு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நறுக்கென்று என் காலை மிதித்தார்.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க? அழிச்சீங்க?" பாவம், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "சரி சரி, மலையத் திருப்பி வச்சு அனுப்புங்க."

திருத்தப் பதிவேட்டில், 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் மாலுமி தன் பெயரையே எழுதினார்.

போன வருஷம் அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். தப்புகளைத் திருத்துவது இப்போது என் பொறுப்பு. பதிவேட்டில் அவர் பெயருள்ள அந்த ஒரு வரியை மட்டும் எத்தனையோ முறை திறந்து பார்த்துவிட்டேன், திருத்த மனசு வரவில்லை.