லாரி ஏறிப் போன நவுன்

விழித்துக்கொண்டே கனவு காண்பவர்களை நம்பி யாரும் எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது. நானே அந்த ரகம் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

பி.ஏ. இங்கிலீஷ் முடித்த வருடம், மரக்காணத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை ஆறாம் வகுப்புக்கு ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ எட்டையும் நடத்திக் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். (மாப்பிள்ளை போட்டோகூட வந்திருந்தது. அதைப் பார்த்ததும் வேலை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.)

நவுன் தெரியும், வெர்ப் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒரே பனிமூட்டம். எட்டையும் எட்டு அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டு, அப்பா வேலை பார்க்கும் உப்பளத்துக்குப் போனேன். சாயங்கால வெயிலில் பாத்தித் தண்ணீர் எல்லாம் ரோஸ் நிறம். வானம் காலடியில் கிடந்தது. வரப்போரம் வரிசையாக எட்டு உப்புக் குவியல். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைக் குச்சியில் செருகி நட்டு, மாணவர்களாக்கி, நடந்து நடந்து பாடம் நடத்தினேன். கடல்காற்றுகூடக் கைகட்டிக் கேட்டது. நல்லாசிரியர் விருது வாங்க மேடை ஏறும் கட்டம் வரைக்கும் போய், அந்த விருதோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அட்டைகள் அங்கேயே நின்றன.

எங்கள் உப்பளத்தில் விற்றுப்போன குவியலில் வாங்கியவர் பெயரை அட்டையில் எழுதி நட்டுவைப்பார்கள். அட்டை இருந்தால் லாரியில் ஏற்றலாம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். சுத்தமாக மறந்துபோனேன்.

காலையில் வெறுங்கையோடு வகுப்பில் நின்றேன். பின்வரிசையில் கரஸ்பாண்டன்ட் மேடம். தட்டுத்தடுமாறி ஏழு சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் உப்பு மினுங்கியது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன், எவ்வளவு நேரமோ.

“எட்டாவது என்னம்மா?” என்றார் மேடம்.

அப்போதுதான் வாசலில் லோடு மேஸ்திரி ஏழுமலை அண்ணன் வந்து நின்றார். உடம்பெல்லாம் உப்பு, கையில் என் அட்டைகள்.

“ஏம்மா, இது உன் கையெழுத்துன்னு உங்கப்பா சொன்னாரு. யாரும்மா இந்தப் பார்ட்டிங்க? நவுன், ப்ரோநவுன், வெர்ப் மூணும் ஏத்தி லாரி திண்டிவனம் போயிட்டிருக்குது. அட்ஜெக்டிவ், அட்வெர்ப், ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன் அப்டியே நிக்குது. கடைசிக் குவியல் யாரோ இன்டர்ஜெக்ஷனாம். அந்தாளு போன் நம்பர் குடு, மொதலாளி கத்துறாரு!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. எழுந்து போய் அட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

“எட்டையும் வரிசையா சொல்லிட்டீங்களே! எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“அஞ்சாவதுங்க. பார்ட்டி பேரெல்லாம் இங்கிலீஷ்லதான் வரும், எழுத்துக்கூட்டிப் படிச்சுக்குவேன்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “இவரு வேலைக்கு வருவாரான்னு கேட்டுச் சொல்லும்மா. உனக்கு லெட்டர் போடறோம்.”

லெட்டர் வரவே இல்லை. லாரியைப் பாதி வழியில் திருப்பினார்கள். முதலாளியிடம் அப்பா தலைகுனிந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தப் போட்டோ மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டேன். (நேரில் பரவாயில்லை.) அவர் ஊரான கிளியனூரில்தான் பிறகு ஒருவழியாக டீச்சரானேன்.

அந்த உப்பளத்தில் இன்றைக்கும் வரிசையின் கடைசிக் குவியலுக்குப் பெயர் இன்டர்ஜெக்ஷன். அது விற்கும்போதெல்லாம் ஏழுமலை அண்ணன் மறக்காமல் எனக்குப் போன் போடுவார்.

“டீச்சரம்மா, ஒங்காளுக்கு லாரி வந்துடுச்சு. ஏத்தட்டுமா?”