அப்பா உடம்பில் முப்பத்தேழு பந்துகள்

ஆவடி குவார்ட்டர்ஸில், மே மாத வெயிலில், காலை பதினொரு மணிக்கு ஜன்னல்களை அடைத்து வைப்பவர்கள் நல்லவர்களாக இருக்க முடியாது. எங்கள் பிளாக்கில் எல்லோருடைய கருத்தும் அதுதான். நானே அடைக்கும் வரை என் கருத்தும் அதுதான்.

அப்போது அனிமேஷன் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். (மரியாதைக்காகச் சொல்கிறேன். படுத்துக்கொண்டிருந்தேன்.) ஒரு வீடியோ கேம் கம்பெனி, மனித உருவம் ஒன்று இயல்பாக அசைவதைச் செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. நான் செய்த உருவம் காலில் முள் குத்திய கொக்கு மாதிரி நடந்தது. எனவே பெரிய ஸ்டூடியோக்களில் செய்வதை வீட்டு ஹாலிலேயே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நடிப்பவர் உடம்பில் பளபளக்கும் பந்துகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்தால், பந்துகள் நகர்வதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒரு குச்சி மனிதனை அதேபோல ஆட்டிக் காட்டும். பழைய வெப்கேமராக்கள் ஆறு சேர்த்தேன். தெர்மாகோல் உருண்டைகள் மேல், வண்டிகளில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரைச் சுற்றினேன். மொத்தம் முப்பத்தேழு. நடிகர், அப்பா.

அப்பா ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர். அந்த வாரம் லீவில் இருந்தார். 'நில்' என்றால் ஏன் என்று கேட்காமல் நிற்கக்கூடியவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

வெயில் உள்ளே வந்தால் கேமராக்கள் குழம்பின. ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினேன். அடுத்து, அலமாரியிலிருந்த எவர்சில்வர் குடம்தான் அப்பாவின் தலை என்று கம்ப்யூட்டர் பிடிவாதம் பிடித்தது. பாத்திரம் பண்டமெல்லாம் பால்கனிக்குப் போனது.

கீழ்வீட்டு தேவி அக்கா மேலே வந்துவிட்டார். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னாடி பவி, ஜன்னல அடைச்சிகினு, சாமான வெளிய அடுக்கிகினு... ஊட்ட காலி பண்றீங்களா?"

கதவை நான்கு விரல் அகலத்துக்குத்தான் திறந்திருந்தேன். அந்தச் சந்தில் அவர் கண் நுழைந்து கேமராக்களை எண்ணியது. (என் கண்டுபிடிப்பைத் திருட வந்திருக்கிறார் என்றே சந்தேகப்பட்டேன். தேவி அக்கா பிளவுஸ் தைப்பவர்.)

"அம்மாவுக்குத் தலைவலிக்கா. வெளிச்சம் ஆகாது."

"உங்கம்மா இப்பத்தான கீழ என்னாண்ட குந்திகினு கீரை ஆஞ்சிகினு இருந்திச்சி?"

கதவைச் சாத்திவிட்டேன்.

அவர் போகவில்லை. வெளியே நின்று காதைக் கொடுத்திருக்கிறார். உள்ளே நாங்கள் பேசியது இவ்வளவுதான்:

"கையத் தூக்குங்கப்பா. அசையாதீங்க. ஷூட் பண்ணப் போறேன்."

"ஏட்டி, கை கடுக்குதுட்டி. விட்டுரு."

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

கால் மணி நேரத்தில் கதவு இடிபட்டது. திறந்தால் குவார்ட்டர்ஸ் கேட்டின் காவலாளிகள் இரண்டு பேர், அவர்களுடைய சூப்பர்வைசர், பின்னால் பூரிக்கட்டையோடு தேவி அக்கா, அவருக்கும் பின்னால் கீரையோடு அம்மா.

ஹால் நடுவில் அப்பா. என் கறுப்பு டி-ஷர்ட், என் கறுப்பு டிராக் பேன்ட், தலையிலிருந்து கால்வரை பந்துகள்.

"கையத் தூக்கு!" என்றார் சூப்பர்வைசர்.

அப்பா வலது கையைத் தூக்கினார்.

"ரெண்டு கையும்!"

"முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"எலாஸ்டிக் போயிட்டு சார்."

இடது கை பேன்ட்டைப் பிடித்திருந்தது.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "உடம்பு பூரா என்னம்மா அது?"

"ரேடியம் சார்."

காவலாளிகள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"ஆறு கேமரா, அடைச்ச ஜன்னல், ரேடியம்... இது எந்த மாதிரி ஏரியான்னு தெரியுமா உனக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் வேலை, இந்த வீடு, இரண்டும் என் அசட்டுத்தனத்தின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பாதான் பேசினார், கையை இறக்காமலே.

"பிள்ள கம்ப்யூட்டர்ல பொம்ம செய்யுதா சார். நாந்தான் நிக்கேன்னு சொன்னேன். எழுதணும்னா எம் பேர எழுதிக்கிடுங்க."

சூப்பர்வைசர் கம்ப்யூட்டருக்கு வந்தார். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை பதினொரு முறை முயன்றும் ஒழுங்காக நிற்காத குச்சி மனிதன், திரையில் அச்சு அசலாக அப்பாவைப் போல, ஒரு கை மேலே, ஒரு கை இடுப்பில், முட்டி நடுங்க நின்றிருந்தான். மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். மூன்றாவது தடவை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

ஆனாலும் விடவில்லை. கேமராக்களைத் தன் கண் முன்னாலேயே கழற்ற வைத்தார். அப்பாவிடம் விளக்கக் கடிதம் வாங்கினார். 'மகளின் எதிர்காலத்தை முன்னிட்டுப் பந்துகள் அணிந்து நின்றேன்' என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. அது தெரியும்வரை ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஷூட்டுன்னா சுடறதுன்னு நென்ச்சிட்டேன்டி. அண்ணனுக்கு இன்னா ஆச்சோன்னுதான் கேட்டாண்ட ஓடனேன்" என்றார் தேவி அக்கா. திருட வந்தவர் என்று நான் நினைத்த அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

என்னிடம் உருப்படியாக இருந்தது அந்த ஒரு பதிவுதான். அதையே அனுப்பினேன். வேலை கிடைத்தது. "பயத்தை இவ்வளவு நுணுக்கமா எப்படி யோசிச்சீங்க?" என்று கேட்டார்கள். யோசித்த மாதிரியே தலையாட்டி வைத்தேன்.

நான் வேலை செய்த முதல் விளையாட்டில், சரணடையும் எதிரிகள் எல்லோரும் ஒரு கையைத்தான் தூக்குவார்கள். மறு கை இடுப்பை விட்டு நகராது. ஓய்வு பெற்ற அப்பா இப்போது தினமும் சோபாவில் உட்கார்ந்து அதைத்தான் விளையாடுகிறார். பக்கத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்வார்:

"ஏங்க, பாவம்ங்க. அவனுக்காவது ஒரு நாடா கோத்துவிடச் சொல்லுங்க பிள்ளட்ட."